மிதித்தால் திக்கும் டர்போ

இந்த இதழுக்கு ஒரு நீளக் கடிதம், நான்கு குட்டிக் கடிதங்கள். நீளக் கடிதம் எழுதியவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் காரைப் பார்த்த மூன்று மெக்கானிக்குகளும் இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களாம்.

கேள்வி: ஐயா, என்னுடையது 20 வயதான பெட்ரோல் டர்போ கார். 1.8 லிட்டர், 4 சிலிண்டர். ஐடிலிங் சீராக இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. மூன்றாவது, நான்காவது கியரில் 2,500 ஆர்.பி.எம். தாண்டி ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தால் மட்டும் வண்டி திக்கித் திக்கி உதறுகிறது. காலைக் கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடுகிறது. முதல் மெக்கானிக் 4 பிளக்குகளையும் மாற்றினார். இரண்டாமவர் ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றினார். திக்கல் போகவில்லை. பிளக் மாற்றிய பிறகு கொஞ்சம் கூடியதுபோலக்கூட இருக்கிறது. மேட்டில் ஏறும்போது கறும்புகை வருகிறது என்று பின்னால் இன்னொரு வண்டியில் வந்த என் மகள் சொன்னாள். மூன்றாமவர், "டர்போ போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். மாற்றிவிடவா?

பதில்: மாற்றாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரையாவது மாற்றாதீர்கள்.

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் "பிக்கப் இல்லை" என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுச் சாவியை நீட்டுவார்கள். நீங்கள் எந்த கியர், எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு மிதித்தால், காலை எடுத்தால் என்ன ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது. அதோடு, உங்களுக்கே தெரியாமல் இரண்டு துப்பும் கொடுத்திருக்கிறீர்கள்: பிளக் மாற்றியபின் திக்கல் கூடியது, மேட்டில் கறும்புகை.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். மிதித்ததும் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே நடக்காமல் இருந்து, அப்புறம் வழுக்கிக்கொண்டு இழுத்தால் அது லேக். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும் சக்கரம்; அது வேகம் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் லேக். பழைய டர்போவின் பிறவிக் குணம், நோய் இல்லை. உங்கள் வண்டி உதறுகிறது. அது வேறு கதை.

உதறலிலும் பல குரல் உண்டு. யாரோ சாவியைத் திருப்பி அணைத்துவிட்டதுபோல ஒரே வெட்டாக இழுவை நின்று, மறுபடி ஒரே அடியாக வந்தால், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், அளவு மீறிப்போய், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்துகிறது என்று சந்தேகப்படலாம். பூஸ்டை அளவோடு நிறுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸ் வெடித்திருக்கிறதா, அல்லது கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட ஏற்றத்தில் இழுவை மெல்ல மெல்ல வடிந்துபோனால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப், இல்லையென்றால் அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். எந்த கியரானாலும் பெடலின் ஒரே இடத்தில் மட்டும் துள்ளினால் காற்றுக் கதவான த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் சென்சாரின் தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கும். பூஸ்ட் ஏறும்போது மட்டும் டப், டப், டப் என்று உதறினால், பத்தில் ஏழு தடவை நான் கையில் எடுப்பது பிளக் முனையின் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ்தான்.

உங்கள் முதல் துப்புக்கு வருகிறேன். புது பிளக் போட்டும் கூடியது ஏன்? டர்போ வேலை செய்யும்போது சிலிண்டருக்குள் காற்று நெருக்கி அடைபடுகிறது. நெருங்கிய காற்றைப் பிளந்துகொண்டு தீப்பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். இடைவெளி கூடினால் இன்னும் அதிகம். ஐடிலில் அந்த இடைவெளியை அலட்சியமாகத் தாண்டுகிற பொறி, பூஸ்டில் தாண்ட முடியாமல் அணைந்துபோகும், அல்லது பிளக்குக்கு அந்த வோல்ட்டைக் கொடுக்கும் காயிலின் ரப்பர் உறையில் எங்காவது கீறல் இருந்தால் அதன் வழியாக எஞ்சின் இரும்பில் பாய்ந்துவிடும். பழைய டர்போ எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரே பிளக் பல எஞ்சின்களுக்கும் விற்கப்படுவதால், பெட்டியிலிருந்து வரும்போது 1.0, 1.1 என்றுகூட இருக்கும். வித்தியாசம் எழுதும் தாள் மூன்றின் கனம்தான். அந்த மூன்று தாள் போதும், 20 வருடக் காயிலைத் திணற வைக்க.

ஆகவே முதலில் 4 பிளக்குகளையும் கழற்றி அளந்து, காரின் கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரிடியம், பிளாட்டினம் பிளக் என்றால் நடுவில் உள்ள மெல்லிய முனையில் எதுவும் படக்கூடாது. வெளிக்கொம்பை மட்டும் நகர்த்துங்கள். நாணயம்போல வட்டமாக ஒரு கேஜ் விற்கிறார்களே, அதை உள்ளே நுழைத்து நெம்பினால் மெல்லிய முனை உடைந்துபோகும். கம்பி கேஜ் நல்லது. கழற்றும்போதே பீங்கானைப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சில் கோடுபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் பொறி வெளியே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காயிலின் உறையையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் உள்ள தடம் புதியதைக் கெடுத்துவிடும்.

காயில் மேல் சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். ஈ.சி.யூ.வைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் கோடு (code) வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அதன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் குற்றவாளி காயிலோடு நகர்ந்திருக்கிறான். இரண்டிலேயே நின்றால் காயில் நிரபராதி. செலவில்லாத விசாரணை.

அடுத்தது கறும்புகை. இதை நான் பிளக்கைவிடப் பெரிய துப்பாக எடுத்துக்கொள்கிறேன். கறும்புகை என்றால் உள்ளே போன காற்றுக்கு மேல் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. உங்கள் கார் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ளது. அந்த சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் உட்கார்ந்து, போகிற காற்றை எண்ணுகிறது. அந்தக் கணக்குப்படி ஈ.சி.யூ. பெட்ரோல் விடுகிறது. எண்ணிய காற்று டர்போவைத் தாண்டியதும் ஒரு கிழிசல் வழியாக வெளியே போய்விட்டால்? கணக்கில் காற்று இருக்கிறது, சிலிண்டரில் இல்லை. பெட்ரோல் மட்டும் முழுதாக வந்து சேர்கிறது. ஈரமான கலவை, திணறும் பொறி, பின்னால் கறும்புகை. இதில் பிளக் இடைவெளியும் அகலமாக இருந்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். உங்கள் காரில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கிழிசல் ஐடிலில் ஏன் காட்டிக்கொடுக்காது என்று கேட்பீர்கள். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் ஐடிலின்போது அழுத்தமே கிடையாது. பூஸ்ட் ஏறி 0.7 பார் அழுத்தம் உள்ளிருந்து தள்ளும்போதுதான் கிழிசல் வாயைத் திறக்கிறது. காலை எடுத்தால் மூடிக்கொள்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன் உங்கள் கார் மாதிரியே ஒன்று வந்தது. அதே உதறல், அதே கறும்புகை. ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றினேன், போகவில்லை. பெட்ரோல் பம்பை மாற்றினேன். கறும்புகை விடுகிற வண்டிக்குப் பம்ப் எதற்கு என்று அன்று யோசிக்கவில்லை பாருங்கள், இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம்தான். கடைசியில் கீழே படுத்து, டர்போவிலிருந்து, அது தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைத் துணியால் துடைத்தேன். மேலே ஆயில் பிசுக்கு, அதன்மேல் மண். துடைத்தபின் பார்த்தால் முழுசாக இருந்தது. ஒரு சந்தேகத்தில் இரண்டு கையாலும் பிடித்து வளைவை நிமிர்த்தினேன். உள்வளைவில், கண்ணுக்கு மறைந்த பக்கம், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளவு இளித்தது. கையை விட்டேன், மூடிக்கொண்டது. மறுபடி நிமிர்த்தினேன், மறுபடி இளித்தது. பம்புக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். சென்சாருக்கு வாங்கியதை வைத்துக்கொண்டேன், கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஆயில் பிசுக்குதான் அடையாளம். டர்போ வழியாகக் கொஞ்சம் ஆயில் ஆவி போவது பழைய வண்டிகளில் சகஜம். அது ஹோஸ் ரப்பரை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். காற்று வெளியேறும் இடத்தில் ஆயிலும் துளித்துளியாக வெளியே வந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஹோஸில் எங்கே அழுக்கு அதிகமோ அங்கே முதலில் தடவிப் பாருங்கள்.

கையால் கிடைக்கவில்லையா? அழுத்தம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, டர்போவின் வாய்க்குப் போகும் ஹோஸை ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அடுத்த பக்கம் கழற்றி, டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியை வைத்து இறுக்கி, மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். 0.5 பார் போதும். காரின் வழக்கமான பூஸ்டைத் தாண்டவே கூடாது. மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் தோட்டா மாதிரி வரும். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனால் கிழிசல் நுரை விடும். சைலன்சரிலிருந்து உஸ்ஸென்று கேட்டால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் லேசாகத் திறந்து நிற்கிறது, கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் நின்றுவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் அங்கே பலமாக ஊதுகிறதா? எஞ்சினுக்குள் ஆவியை இழுக்கும் குழாயில் உள்ள ஒருவழி வால்வைப் பாருங்கள், அது இருபக்கமும் திறந்து கிடக்கலாம். காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வையும் மறக்காதீர்கள். அது கிழிந்தாலும் இதே கூத்துதான்.

புகை விட்டுப் பார்க்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் அதிலேயே பார்த்துவிடலாம் என்பார்கள். மற்றக் கசிவுகளுக்கு நல்ல கருவி. ஆனால் அதன் அழுத்தம் மிகக் குறைவு. இளிக்கிற பிளவு அதற்கு இளிக்காது.

பெட்ரோல் பக்கம் உங்களுக்கு இப்போது தேவைப்படாது என்றாலும் ஒரு வரி. இன்ஜெக்டர்கள் பூஸ்டை எதிர்த்துத்தான் பெட்ரோலைத் தெளிக்கின்றன. ஆகவே பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் போகிற கார்களில், 3 பார் அடிப்படை அழுத்தம் என்றால் 0.7 பூஸ்டில் 3.7 இருக்க வேண்டும். அந்தச் சின்ன ஹோஸைப் பிடுங்கி மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது.

சரி, டர்போ. அது போய்விட்டதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியபின் காற்று வரும் ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். அந்தத் தண்டு ஓடும்போது ஆயில் படலத்தில் மிதப்பது, அது இல்லாதபோது ஆடத்தான் செய்யும். சக்கரத்தின் இதழ் சுற்றுச்சுவரில் உரசக்கூடாது, உரசிய தடமும் இருக்கக்கூடாது. உள்ளே வெளியே என்று கைக்குத் தெரியும்படி நகர்ந்தால் அதன் காலம் முடிந்தது. அதோடு நீலப்புகையும், இன்டர்கூலரில் குளம்போல ஆயிலும் இருந்தால் உங்கள் மூன்றாம் மெக்கானிக் சொன்னது சரி. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

டர்போ மேல் பழி போடுவது டர்போ காரின் வயதளவு பழைய பழக்கம். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் வந்தது, விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி காலியானால் ஒரு வால்வு பூஸ்டைக் கட்டுப்படுத்திவிடும். நிறையப் பேர் ஊற்றவே இல்லை. கார் இழுக்காமல் போனதற்கு அங்கே டர்போ காரணம் இல்லை, காலித் தொட்டி.

ஆகவே பிளக் இடைவெளி, அப்புறம் ஹோஸ். இந்த வரிசையில் செய்துவிட்டு எழுதுங்கள். உங்கள் மூன்று மெக்கானிக்குகளுக்கும் என் வணக்கம். அவர்கள் செய்த தப்பு எல்லாம் நானும் செய்தவைதான்.

கேள்வி: என் பழைய டர்போ காரும் திக்குகிறது, ஆனால் ஸ்கேனரில் ஒரு கோடும் வரவில்லை. அப்படியானால் எலக்ட்ரானிக்ஸில் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு சென்சார் செத்தால் கோடு வரும். உயிரோடு இருந்துகொண்டு பொய் சொன்னால் பெரும்பாலும் வராது. கோடு பக்கத்தை மூடிவிட்டு நேரலை எண்களைப் பாருங்கள். எனக்குப் பிடித்த இரண்டு சோதனைகளுக்கு எஞ்சினைக்கூட ஓட்ட வேண்டாம்.

இரவெல்லாம் நின்ற காரில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 18, இன்னொன்று 45 என்று காட்டினால் இரண்டில் ஒன்று பொய்யன். எஞ்சின் சூடாக இருக்கிறது என்று கூலன்ட் சென்சார் பொய் சொன்னால், குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் கிடைக்காது. கிளப்பிய முதல் சில நிமிடம் திக்கும், அப்புறம் தானே சரியாகும். அதே நிலையில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல், 1,000 மீட்டர் உயரத்தில் 90 அளவில். எஞ்சினைக் கிளப்பியதும் 30, 40க்கு இறங்கும். பூஸ்டில் 100ஐத் தாண்டி ஏறும், 0.7 பார் பூஸ்ட் என்றால் 170. இந்தக் கடைசி எண்ணை ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாது, பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும்.

உங்கள் கார் எந்த வருடம் என்று எழுதவில்லை. எல்லாக் கார்களும் ஸ்கேனரோடு பேசும் பொது முறையான ஓ.பி.டி. 2 அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்துதான் கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்து. அதற்கு முந்தியது என்றால் ஸ்கேனர் மௌனமாக இருப்பதற்குக் காரணம் வேறு. இரண்டுக்கும் பாஷையே ஒத்துவராமல் இருக்கலாம்.

கேள்வி: ஃப்யூயல் ட்ரிம் ஐடிலில் கூட்டல் 15 சதவீதம் காட்டுகிறது. 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் 3க்கு இறங்கிவிடுகிறது. என்ன பொருள்?

பதில்: சென்சார் எண்ணாத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது, ஈ.சி.யூ. அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அது இப்படிக் கூட்டுகிற, குறைக்கிற அளவுதான் ட்ரிம். த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்ட் பக்கம் தேடுங்கள்: கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், சின்னச் சின்ன ரப்பர் மூடிகள். ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரிகிறது, ஆர்.பி.எம். ஏறினால் கரைந்துவிடுகிறது. டர்போ காரில் இதே ஓட்டை பூஸ்டில் திசை மாறி வெளியே ஊதும் என்பதை நினைவில் வையுங்கள்: ஐடிலில் காய்ந்த கலவை, பூஸ்டில் ஈரமான கலவை. ஆனால் பூஸ்டில் ட்ரிம்மை நம்பாதீர்கள். முழுதாக மிதிக்கும்போது பல பழைய கார்கள், புகையை வைத்துக் கலவையைச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதையே நிறுத்திவிடும்.

கேள்வி: துவைத்துப் பயன்படுத்தும், ஆயில் தடவிய ஏர் ஃபில்டர் போட்டபிறகு இழுவை குறைந்துவிட்டது. விளம்பரத்தில் கூடும் என்றார்களே?

பதில்: ஆயிலை நீங்கள் தாராளமாகத் தடவியிருப்பீர்கள். அது பறந்துபோய் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பியில் படிந்தால், காற்றைக் குறைத்து எண்ணும். அந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். விரல், துணி, பஞ்சு எதுவும் கம்பியில் படக்கூடாது. அப்புறம் பழைய தாள் ஃபில்டருக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: இன்டர்கூலர் ஹோஸை மாற்றினேன். பூஸ்டில் இரண்டு முறை பட்டென்று கழன்றுவிட்டது. கிளாம்பை இன்னும் இறுக்கவா?

பதில்: இறுக்கி இறுக்கி ரப்பரை வெட்டிவிடுவீர்கள். குழாயின் முனையிலும் ஹோஸின் உள்பக்கத்திலும் ஆயில் பிசுக்கு இருக்கிறது, அதனால்தான் வழுக்குகிறது. இரண்டையும் பிரேக் க்ளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். குழாய் முனையில் உள்ள புடைப்பைத் தாண்டி ஹோஸ் உள்ளே போக வேண்டும். கிளாம்ப் அந்தப் புடைப்புக்கு மேலே உட்காராமல் அதற்கு உள்பக்கம் உட்கார வேண்டும். இரண்டு நாள் ஓட்டி, எஞ்சின் ஆறியபிறகு ஸ்க்ரூவை இன்னொரு கால் சுற்று பாருங்கள்.